பரமக்குடியில் சாப்பிட்ட சோறு

அந்தப் பையைக் கொஞ்சம் மேலே வைத்துவிடலாமா? கால் நீட்ட முடியவில்லை. இல்லை இல்லை, நீங்கள் உட்காருங்கள், நானே வைக்கிறேன். அப்பா, என்ன கனம்! மகள் வீட்டிலிருந்து வருகிறீர்களா? பேத்தியா பிறந்திருக்கிறது? நல்லது. பெண்கள்தான் நல்லது. ஒரு மகனைப் பெற்று நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். இப்போதுதான் திண்டுக்கல் தாண்டியிருக்கிறது, எழும்பூர் போய்ச் சேர எவ்வளவோ நேரம் கிடக்கிறது.

அதற்கு முன்னால், உங்கள் ஊர் எது என்று சொல்லிவிடாதீர்கள். நானே சொல்கிறேன். கோயம்புத்தூர். இல்லையா? இவ்வளவு பதவிசாகப் பேசுகிறீர்களே. அப்படியானால் கும்பகோணம். அதுவும் இல்லையா? பின்னே எந்த ஊர்தான்?

வியாசர்பாடியா!

பார்த்தால் தெரியவே இல்லையே! அட, பாராட்டாகத்தான் சொல்கிறேன். அதற்கு ஏன் முகம் அப்படிப் போகிறது?

எனக்கு இதில் ஒரு ஞானம் உண்டு என்று எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அண்ணா நகர். முப்பத்தாறு வீடுகள். யார் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். "சுகுணா மேடம், தஞ்சாவூர்க்காரங்க வந்திருக்காங்க, கொடுக்கலாமா?" மத்தியானம் தூங்குகிறவர்கள், மோட்டார் போட ஞாபகம் இருக்காது, யோசித்துக் கொடுங்கள் என்பேன். கோயம்புத்தூர்க்காரர்கள் 'ங்க' போட்டே காரியத்தைச் சாதித்துக்கொள்வார்கள். திருநெல்வேலிக்காரர்கள் வந்தால் அவர்கள் ஊர்த் தண்ணீரின் ருசியைப் பற்றித் தினமும் கேட்க வேண்டும். சேலத்துக்காரர்களைப் பற்றி இன்னும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. புரசைவாக்கத்தில் கான்வென்ட்டில் படித்தவள் நான். எங்கள் சிஸ்டர் அகஸ்டா வருஷத்தின் முதல் நாளே ஒவ்வொருத்தியையும் எழுப்பி, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்பார். பஸ் நம்பரைக் கேட்டுத்தான் பெஞ்சு கொடுப்பார். உங்கள் பக்கத்து பஸ் கடைசி பெஞ்சு. அப்படி ஓர் ஒழுங்கு அந்தக் காலத்தில். சரி, அதை விடுங்கள்.

என் பையன் பெயர் நிஷாந்த். ஒரே பையன். போன வருஷம் எங்கள் வீட்டு நாய், பிளாசம், ஒரு மாங்கொட்டையை அப்படியே விழுங்கிவிட்டது. நிஷாந்த்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே ஒரு பெண் டாக்டர் வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தாள். கொட்டை வெளியே வந்துவிட்டது. பையன் உள்ளே விழுந்துவிட்டான்.

"நாகஜோதின்னு பேரும்மா. பரமக்குடி."

பரமக்குடி! ராமநாதபுரம் ஜில்லா! நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "டேய், ஏதாவது தப்புப் பண்ணின ஆபீசரைத்தான்டா அந்தக் காலத்துல அந்தப் பக்கம் மாத்திப் போடுவாங்க. ஒரு தப்பும் பண்ணாம நீயா போய் ஏன்டா மாட்டிக்கறே? தண்ணி கிடையாது, மரம்னா கருவேல மரம், வாயைத் திறந்தா அரிவாள்."

அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை. "வந்து பாருங்கம்மா. நீங்க வேண்டாம்னா விட்டுடறோம். ஜோதியும் அதான் சொல்றா. உங்க மனசு ஒத்துக்காம இந்த வீட்டுக்குள்ள வரமாட்டாளாம்" என்றான்.

அதாவது, எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருக்கிறது. வேண்டாம் என்றால் முடிந்தது. இந்த வயதில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஓர் அதிகாரம்? அடுத்தவர் மனம் நோகாமல், நாகரிகமாக முடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். போவது. அரை டம்ளர் காபி குடிப்பது. "ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்" என்பது. பண்ணாமல் இருப்பது. நான்கே படிகள்.

நிஷாந்த் கூட வரவில்லை. தான் பக்கத்தில் இருந்தால் நான் அவனுக்காகச் சரி என்று சொன்னதாக ஆகிவிடுமாம். ஆகவே நானும் என் வீட்டுக்காரரும்தான். அதோ, அந்தப் பக்க இருக்கையில் பேப்பருக்கு மேலே ஒரு வழுக்கை தெரிகிறதே, அவர்தான். பிறந்தது அருப்புக்கோட்டை. ஆனால் இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவரை நான் முழுச் சென்னைக்காரராக்கிவிட்டேன். யார் ஊர் கேட்டாலும் அண்ணா நகர் என்றுதான் சொல்வார்.

"நான் அங்கே ஏதாவது பேசணுமா?" என்று கேட்டார்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

அவரிடம் நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில் இந்த ஒன்றைத்தான் அவர் அட்சரம் பிசகாமல் கேட்டார்.

நேற்றுக் காலை மதுரையில் ஓட்டலில் சாம்பார் தண்ணியாக இருந்தது, நான் தொடவில்லை. வழியில் சாப்பிடத் தயிர்சாதம் வாங்கி வைத்திருந்தேன். அதை ரூம் மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் பாட்டில் மட்டும் ஐந்து எடுத்துக் கார் டிக்கியில் போட்டிருந்தேன். தண்ணீர் இல்லாத ஊருக்கல்லவா போகிறோம். போகிற வழியெல்லாம் கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது. "நேத்து மழை பேஞ்சிருக்கும்" என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

பெண்ணின் அப்பா காசிலிங்கம் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். தெருவில் இறங்கியதும் தும்மல் பிடித்தது. பதினொரு தும்மல். அவர் வாசலுக்கு வந்து கைகூப்பி நின்றார். மீசையைப் பார்த்ததும் நான் என் வீட்டுக்காரர் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். மீசை பெரிது, குரலோ காதிலேயே விழவில்லை. நான் மூன்று தடவை "என்ன?" என்று கேட்ட பிறகுதான், "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சாங்க" என்று கேட்டிருக்கிறார் என்று புரிந்தது. இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். நான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கதவு மூலை, கட்டிலடி, அடுப்பங்கரைப் பரண். இல்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல் பெண்ணின் அம்மா பஞ்சவர்ணத்திடம் கேட்டேவிட்டேன். "ஏங்க, உங்க வீட்டுல அரிவாளே இல்லையா?"

அந்த அம்மா பதறிப்போனாள். "தேங்கா வெட்டவாங்க? நம்ம வீட்டுது பிடி விட்டுப்போச்சு. அடுத்த வீட்டுல வாங்கியாரச் சொல்லவா?"

ஒரு ஊர் என்றால் அதற்கென்று ஒரு ஒழுங்கு வேண்டாமா? இப்படியா ஏமாற்றுவது?

பெண் வந்தாள். நாகஜோதி. தலை குனிந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு, அதெல்லாம் இல்லை. நேராக வந்து உட்கார்ந்து, "பிளாசம் இப்ப நல்லா சாப்பிடுறாளா? தையல் போட்ட இடத்தை நக்கிக்கிட்டே இருப்பாளே" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதில்தான் எனக்கு எரிச்சல் அதிகமாயிற்று. காபி வந்தது. சரியாக அரை டம்ளர் குடித்தேன். எழுந்திருக்கப்போகிற சமயத்தில் உள்ளே எதையோ தாளிக்கிற வாசனை வந்தது. எனக்கு வயிற்றில் காலையிலிருந்து ஒன்றுமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காசிலிங்கம் மெதுவாகக் கேட்டார். "இலை போட்டிருக்கு. சாப்பிடலாம்ங்களா?"

கேட்டுவிட்டு அவர் நின்ற நிற்பு இருக்கிறதே! பரீட்சை ரிசல்ட் பார்க்க நிற்கிற பையன் மாதிரி. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நாகஜோதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என்ன இது, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு இப்படி வாயைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரே கூச்சம். அவர்கள் பார்வையிலிருந்து தப்பிப்பதற்காகவே எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தேன். சாஸ்திரத்துக்கு ஒரு பிடி. அவ்வளவுதான் என் உத்தேசம்.

விரால் மீன் குழம்பு. நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள்தானே? சாப்பிடாதவர்களிடம் இதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. கண்மாய் மீன், அவர்கள் மண்டியின் குண்டு மிளகாய், புளி, அதற்கு மேல் அந்த அம்மா என்ன போட்டாள் என்று தெரியவில்லை. எனக்குக் காதெல்லாம் வியர்த்தது. மூக்கு ஒழுகியது. இரண்டாம் தடவை சோறு கேட்டேன். என் வீட்டுக்காரர் இருமினார். தண்ணீர் குடியுங்கள் என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். "குழம்புல கடைசியா என்ன போட்டீங்க?" என்று பஞ்சவர்ணத்திடம் விசாரித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிளகாய் நெடி என்று நினைத்தேன். மீசைக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கையைக் கழுவிவிட்டுத் திரும்புகிறேன், வீட்டுக்குள் பத்துப் பெண்கள். எப்போது வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று எல்லாரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள் பாருங்கள், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நான் கைப்பையைத் தேடினேன். ஒருத்தி என் வாயில் சீனியைப் போட்டாள். இன்னொருத்தி என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தாள். பஞ்சவர்ணம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மதினி, மதினி" என்கிறாள். சாப்பிடுகிற வரைக்கும் 'வாங்க போங்க' என்றிருந்தவள், திடீரென்று நான் எப்படி மதினியானேன்? சரி, பிரியமான ஜனங்கள், வழியனுப்புகிற முறை போலிருக்கிறது என்று சிரித்து வைத்தேன். "ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்" என்று மறக்காமல் சொன்னேன். "பண்ணுங்க மதினி, நாள் குறிக்கணும்ல" என்றாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இவரைக் கேட்டேன். "என்ன நாள்?"

"கல்யாண நாள்."

"யாருக்கு?"

"சுகுணா, இந்தப் பக்கத்துல சம்பந்தம் பேசப் போற வீட்டுல காபி குடிக்கலாம், தண்ணி குடிக்கலாம். மனசு ஒத்துப்போனாத்தான் சோத்துல கை வைப்பாங்க. மாப்பிள்ளையோட அம்மா உக்காந்து சாப்பிட்டா, பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"உங்களுக்கு இது தெரியுமா?"

"அருப்புக்கோட்டையிலயும் இதே வழக்கம்தானே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீதான் வாயே திறக்க வேண்டாம்னு சொன்னே. இருமிப் பார்த்தேன். தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டே."

கேட்டீர்களா? அதோடு விட்டாரா? இன்னொன்றும் சொன்னார். என்னைப் பெண் பார்க்கப் புரசைவாக்கத்துக்கு வந்தபோது அவர் அம்மா எங்கள் வீட்டில் காபியோடு சரி, சாப்பாட்டைத் தொடவில்லை. என் அம்மா பார்த்துப் பார்த்துச் செய்த சமையல். பட்டிக்காட்டுத் திமிர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கோபத்தை நான் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. இப்போது இவர் சொல்கிறார், அன்றைக்கு ஊரில் பெரியவர்களோடு கலந்து பேசாமல் முடிவு சொல்ல அவர் அம்மாவுக்கு விருப்பமில்லையாம். அடுத்த வாரம் வந்து இரண்டு வேளையும் சாப்பிட்டாராம். சாப்பிட்டாரா? சாப்பிட்டார்தான். அதை யார் கவனித்தது? அந்த அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இத்தனை வருஷக் கோபத்தை நான் இனி யார் மேல் போடுவது? இவர் மேல்தான் போட வேண்டும்.

ராத்திரி படுத்தபடியே யோசித்து முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்து சொல்லிவிடப்போகிறேன். "பாருங்க, எங்க பக்கத்துல சாப்பாடுங்கறது வெறும் சாப்பாடுதான். பசிச்சா சாப்பிடுவோம். அதுக்கு மேல அதுல ஒண்ணும் கிடையாது." மரியாதையாக இருக்கிறதல்லவா? சோற்றில் கை வைத்தால் கல்யாணமா? அப்படிப் பார்த்தால் நான் சென்னையில் எத்தனை வீட்டுக்குச் சம்பந்தியாகியிருப்பேன்! நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

இருங்கள், போன் அடிக்கிறது. பெயரைப் பாருங்கள், அவளேதான். பஞ்சவர்ணம். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும்.

"மதினி, ரயிலு ஏறிட்டீகளா? காலையில என்ன சாப்புட்டீக?"

"ஆச்சு, இட்லி. இங்க பாருங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"நான் ஒண்ணு சொல்லிப்புடறேன் மதினி, நேத்து அழுதுட்டேன்னு தப்பா நெனைக்காதீக. மூணு வருசம் முன்னாடி மெட்ராசுலருந்து ஒரு இடம் வந்துச்சு. தண்ணி பாட்டிலு கூட அவுகளே கொண்டாந்தாக. நம்ம சொம்பைத் தொடலை. நாற்காலியில கர்ச்சீப்பை விரிச்சுல்ல உக்காந்தாக. போயிப் போன் போடுறோம்னாக, போடவே இல்லை. எம்புள்ள ஒரு மாசம் வாசலுக்கு வரலை. தெருவே கேட்டுச்சுல. மெட்ராசுக்காரகன்னாலே இப்பிடித்தேன், இனி அந்த ஊருச் சங்காத்தமே வேண்டாம்னு இவரு சொல்லிப்புட்டாரு. நேத்து நீங்க மூணு தரம் சோறு வாங்குனீக பாருங்க, மனுசன் கொல்லையில போயி நின்னு அழுதாரு. உங்களைப் பாத்தா மெட்ராசுக்காரக மாதிரியே தெரியலை மதினி."

வைத்துவிட்டாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவே விடவில்லை.

கேட்டீர்களா அந்தப் பேச்சை? மெட்ராஸ்காரி மாதிரி தெரியவில்லையாம்! எனக்கு! புரசைவாக்கத்தில் பிறந்து அண்ணா நகரில் குடியிருக்கிறவளுக்கு! இது பாராட்டா? எவனோ ஒருவன் பாட்டில் கொண்டு வந்தான் என்பதற்காக ஓர் ஊரையே மொத்தமாக அப்படிச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள், நீங்களும் மெட்ராஸ்தானே? ஆமாம், வியாசர்பாடியும் மெட்ராஸ்தான், யார் இல்லை என்றார்கள்?

என் பாட்டில்கள் டிக்கியில் இருந்தன. வெளியே எடுக்கவே இல்லை. அதுவேறு, இதுவேறு.

அழுதாராமே, அந்த மீசைக்காரர்.

சரி, திரும்பப் போன் போடுகிறேன். ஒத்திப்போட்டால் நாளைக்கே மண்டபம் பார்த்துவிடுவார்கள். அட, இது யார்? புது நம்பரிலிருந்து மெசேஜ். கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் படியுங்களேன். சத்தம் போட்டு வேண்டாம், அவர் காதில் விழும்.

'அம்மா, நான் நாகஜோதி. நேத்து நீங்க சாப்பிடும்போது உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். எங்க வழக்கம் தெரியாமத்தான் நீங்க உக்காந்தீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. பசியில சாப்பிட்டீங்க, அதுல தப்பு ஒண்ணுமில்லை. அப்பா அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லலை. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இன்னிக்கே எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு வீட்டுல சொல்லிக்கறேன். உங்க பேர் கெடாது. நிஷாந்த்கிட்டயும் நானே பேசிக்கறேன்.'

இன்னொரு தடவை படியுங்கள். அந்த 'எங்க வழக்கம்' என்று வருகிற இடம்.

வழக்கம் தெரியாமல் உட்கார்ந்தேனாம். யார்? நான்! முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் எந்த ஊர் எப்படி என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இருபத்தெட்டு வயதுப் பெண், நாய்க்கு ஊசி போடுகிறவள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறாள். அதுவும் என்ன மரியாதையாக எழுதுகிறாள் பாருங்கள், கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்கவில்லை. என்ன சொன்னீர்கள்? ஆமாம், தெரியும். எனக்கு வேண்டியது இதுதான். ஒரு வார்த்தை. 'இஷ்டமில்லை.' முடிந்துவிடும். என் பெயர் கெடாது.

ஆனால், அவள் எதற்கு வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்? அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேரும் குலவை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி இன்னொரு மாதம் வாசலுக்கு வராமல் உட்கார்ந்திருப்பதற்கா? அப்புறம் அந்த அம்மா எல்லாரிடமும் சொல்வாள், மெட்ராஸ்காரிகளே இப்படித்தான் என்று.

கொடுங்கள் போனை. நானே அடிக்கிறேன். இல்லை, எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், கண்ணாடி வேண்டாம்.

என்னங்க? ஒன்றுமில்லை, நீங்கள் பேப்பரைப் பாருங்கள். வாயே திறக்க வேண்டாம்.

முடிந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பாருங்கள், தப்பில்லாமல் இருக்கிறதா என்று.

'நாகஜோதி, எந்த ஊர் வழக்கமும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். தெரியாம சாப்பிடறவ ஒரு பிடியோட எழுந்திருப்பா, மூணு தடவை சோறு வாங்குவாளா? இதுகூடப் புரியலை, நீ என்ன டாக்டர்?'